அஞ்சலைக்காகக் கேட்டது

டிசம்பர் 3, சனி

மழை. சிங்கப்பூரில் ஏறும்போது தூறல், பெக்கோக்கில் இறங்கும்போது கொட்டு கொட்டென்று கொட்டியது. டிரங்குப் பெட்டியின் மூலை நசுங்கிவிட்டது. சேலை இரண்டு நனைந்தது. புத்தகம் தப்பித்தது.

வழியில் பிலோமினா கூலாயில் இறங்கினாள். ஒரே வகுப்பு. ஒரே வருஷம் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஒரே நாளில் இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொன்னார்கள். அவள் வீட்டில் அன்னாசித் தோட்டம். பிளாட்பாரத்தில் நின்று, "கோழி வளர்க்கப் போறேண்டி கமலம். கோழிக்கு கிராமர் சொல்லித் தரேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். வண்டி நகர்ந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. ரப்பர் தோட்டத்துக் கிராணிக்கு ஆபீஸ் கணக்கு வேலையாம். மாட்டுவண்டி அனுப்பியிருந்தார். வண்டிக்காரர் வழியெல்லாம் ஒரே கேள்வி. "லீவாம்மா? எத்தனை நாள் லீவு?"

வீடு சின்னதாகிவிட்ட மாதிரி. என் அறையில் அரிசி மூட்டையும் கருவாட்டுக் கூடையும். நடுவில் கட்டில். அம்மா ஈரத் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே காதோரம் சொன்னாள்: "யாரு கேட்டாலும் லீவுன்னு சொல்லு. வேலை போச்சுன்னு வாயத் திறக்காதே. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

அப்பா இளைத்துவிட்டார். "சாப்பிட்டியா" என்றார். அவ்வளவுதான்.

கருவாட்டு வாசனையோடு தூங்க வேண்டும்.


டிசம்பர் 4, ஞாயிறு

தூறல். எழுந்தபோது உடம்பெல்லாம் வலி.

தமிழில் எழுதக் கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் டைரி இங்கிலீஷில்தான். இங்கே இங்கிலீஷில் எழுதினால் அப்பா படித்துவிடுவார். தமிழ் என்றால் கடிதாசி என்று நினைத்து விட்டுவிடுவார்.

காலையிலேயே காத்தாயி வந்தாள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். இப்போதும் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பது, பாத்திரம் தேய்ப்பது அவள்தான். ரப்பர் மரம் சீவிவிட்டு வந்த பிறகு இதுவும். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடியாத்தி, எலும்பே இல்லாத கையி. சாக்குக்கட்டி புடிச்சாலே இப்பிடித்தான் ஆவுமா?" பிறகு, "லீவு எம்புட்டு நாளு பாப்பா?"

"தெரியலை."

அவள் புருஷன் மாரிமுத்துவுக்குக் கண் சரியில்லையாம். மகள் செல்லி வளர்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என் பெட்டியையே பார்த்தாள். படப் புத்தகம் ஒன்று கொடுத்தேன். யானையைப் பார்த்து, "இது நேத்து நம்ம பத்தாம் நம்பர் காட்டுல வந்துச்சு" என்றாள்.


டிசம்பர் 7, புதன்

இன்று செய்தவை: மாவு ஆட்டினேன் (கை கொப்புளம்). துணி மடித்தேன். காயவில்லை, மறுபடி விரித்தேன். அம்மாவுடன் சண்டை, செருப்பு போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனதற்கு. பிலோமினாவுக்கு எழுத உட்கார்ந்தேன், ஒரு வரி, நிறுத்திவிட்டேன்.

மழை நிற்பதாயில்லை. ரப்பர் விலை விழுந்து கிடப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மரம் சீவல். மழையில் அதுவும் இல்லை. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் வாசலில் குந்தி மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், நான் நாற்காலியில்.

காலைப் பெரட்டில், ஆளெடுக்கும்போது, ஊருக்கு, இந்தியாவுக்கே, அனுப்பப்போகிற குடும்பங்களின் பேரைக் கங்காணி படித்தாராம். மாதக் கடைசிக்குள் கப்பல். அதிகம் லீவு போட்டவர்கள், காய்ச்சல்காரர்கள். அப்பா சாப்பிடும்போது தலை தூக்கவில்லை.

மத்தியானம் பின்வாசலில் ஒரு பெண். அஞ்சலை என்று பேர். என் வயதுதான் இருக்கும். கைக்குழந்தை. புருஷன் வீரன் பேர் படித்தாகிவிட்டது, மலேரியாவில் படுத்துக்கிடந்ததால்.

"ஐயா, நான் இங்கயே பொறந்தவ. அவருக்கும் ஊருல யாருமில்ல. பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு கப்பலேறி எங்க போவேன்?"

அப்பா: "என் கையில என்னம்மா இருக்கு. துரை முடிவு."

அவள் போகவில்லை. மழையில் நின்றாள். பிறகு அம்மா ஒரு கிண்ணம் அரிசி கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனாள். அரிசிக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு வேலை இல்லை என்று தலைமை ஆசிரியை சொன்ன தினுசு நினைவுக்கு வந்தது. முதலில் "என்னால் ஆனதைப் பார்க்கிறேன்" என்றார். ஒரு வாரம் அதை நம்பிக்கொண்டு இருந்தேன். அந்த இங்கிலீஷுக்கு அர்த்தம், 'இல்லை' என்பதுதான். பிறகுதான் தெரிந்தது.


டிசம்பர் 10, சனி

ஆறு கரை மீறிவிட்டது. ரயில் பாதையில் தண்ணீர். வண்டி இல்லை, தபால் இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் இடுப்பளவு என்றார்கள். லயத்தின் கடைசி வரிசைக்காரர்கள் மேட்டிலிருக்கிற ரப்பர் ஸ்டோருக்குள் வந்துவிட்டார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

அம்மா புளி, உப்பு, மண்ணெண்ணெய் இவற்றைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். நான் அதிகம் சாப்பிடுகிறேனோ என்று ஒரு நினைப்பு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான்.


டிசம்பர் 11, ஞாயிறு

எழுத நிறைய. குளிர்.

மத்தியானம் அப்பா பங்களாவிலிருந்து நனைந்துபோய் வந்தார். முகம் சரியில்லை. "சேலை மாத்திட்டு வா. துரைசானி உன்னைக் கூப்பிடுறாங்க."

துரை இந்தத் தோட்டத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான். தமிழ் தெரியாது. அப்பாதான் அவருக்கு வாய். ஆனால் இன்றைய சங்கதி அப்பாவால் பேச முடியாத சங்கதி. வழியில் குடைக்குள் நடந்தபடி சுற்றிச் சுற்றிச் சொன்னார். துரைசானிக்கு ஆண் குழந்தை, பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. டின் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிகாமட் டாக்டர் வர வழியில்லை. "அதனால... லயத்துல யாராச்சும்... நீயே கேட்டுக்கோ." குடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் பக்கம் போய்விட்டார்.

பங்களா. சீனச் சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மினும் தா மாவு," என்றார் என்னிடம். குடிக்க மாட்டேன் என்கிறதாம். இங்கிலீஷ் பேசும் வீட்டில் எனக்கு முதலில் கிடைத்தது மலாய்.

குழந்தை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். துரைசானி என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். தலை வாரவில்லை. கவுனில் பால் கறை. "நீ பேசுவாயா? நன்றாகப் பேசுவாயா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். நன்றாகப் பேசுவேன் என்றேன். சிங்கப்பூரை விட்டு வந்த பிறகு நான் நன்றாகச் செய்கிற ஒரு காரியத்தை யாரும் கேட்டது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருக்கிறது எழுத.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். ஆரோக்கியமான பெண், நோய் இல்லை, பால் நிறைய. அஞ்சலை.

நான் லயத்துக்குப் போனேன். சொன்னேன். அஞ்சலை தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "எந்தத் துரை? எங்கள ஊருக்கு அனுப்புறாரே, அந்தத் துரை வூட்டுப் புள்ளைக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"வரேன். ஆனா பேசிட்டுத்தான்."


அதே நாள், விளக்கேற்றிய பிறகு

பேச்சு நடந்த விதம். மறப்பதற்குள்.

பங்களா பின்வராந்தா. துரை, துரைசானி, அஞ்சலை, நான். அஞ்சலை இடுப்பில் அவள் குழந்தை.

துரைசானி: அவள் மட்டும் வரட்டும். அந்தக் குழந்தை வேண்டாம். லயத்தில் என்னென்ன வியாதியோ.

நான் தமிழில்: "உன் பிள்ளையைக் கூட்டிவர வேண்டாமாம்." காரணத்தை விட்டுவிட்டேன்.

அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், நோவு வந்துருமின்னு பயப்படுறாங்களா? எம்புள்ளகிட்ட நோவுன்னா, எம்பாலுல நோவு இல்லியா? அப்பிடியே சொல்லுங்க சின்னம்மா. ஒண்ணும் முழுங்காதீங்க."

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல். துரைசானி அழ ஆரம்பித்துவிட்டாள். "கொண்டு வரட்டும். இரண்டு பேரும் இருக்கட்டும். சீக்கிரம்."

அஞ்சலை அதோடு நிற்கவில்லை. "இன்னொண்ணு. எங்க பேர எடுக்கணும். நாங்க கப்பலுக்குப் போவ மாட்டோம்."

இதைச் சொன்னதும் துரை சிவந்துபோனார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு என் தலைமை ஆசிரியை சொன்னதையே சொன்னார். என்னால் ஆனதைப் பார்க்கிறேன்.

"பாக்குறேங்கிறாரு," என்றேன்.

"பாக்குறேன்னா? சரிங்கிறாரா, இல்லேங்கிறாரா?"

அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அதனால் துரையிடம் திரும்பி, "பார்க்கிறேன் என்றால் இவளுக்கு விளங்காது சார். ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று வேண்டும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. வகுப்பில் பேசுகிற குரல்.

துரை வாய் திறக்குமுன் துரைசானி, "ஆமாம் என்று சொல். ஆமாம், ஆமாம்" என்றாள். துரை ஒன்றும் பேசவில்லை. மறுக்கவும் இல்லை.

"சரின்னுட்டாங்க," என்றேன்.

அஞ்சலை தன் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அந்தக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உறிஞ்சும் சத்தம். துரைசானி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சலையின் பெண் குழந்தை என்னைப் பார்த்து முகம் சுளித்தது. பிறகு என் சேலையை நனைத்தது.


டிசம்பர் 14, புதன்

தண்ணீர் இன்னும் வடியவில்லை.

தினம் பங்களாதான். பின்அறையில் அஞ்சலையும் இரண்டு குழந்தைகளும். நான் நடுவில் வாய். "அவளுக்குச் சூப் பிடிக்குமா கேள்." "பிடிக்கலைன்னு சொல்லாதீங்க, சோறு இருந்தாத் தேவலைன்னு சொல்லுங்க." சமையல்காரர் கஞ்சியும் மீனும் வைக்கிறார். அஞ்சலை ஒரு பிடி பிடிக்கிறாள். துரைசானி வாசலில் நின்று பார்க்கிறாள், அவள் சாப்பிடுகிற ஒவ்வொரு கவளமும் தன் பிள்ளைக்குப் போகிற மாதிரி.

இன்று துரைசானி கேட்டாள், பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று. லீவு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அலுத்துப்போய்விட்டது. வேலை போய்விட்டது என்றேன்.

"நீயுமா?" என்றாள். அவள் அண்ணனுக்கும் வேலை போய்விட்டதாம். சீமையில் நூல் மில் மூடிவிட்டார்கள். அவர் இப்போது அம்மா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாராம். தினம் காலையில் ஷேவ் செய்துகொண்டு, கோட்டு போட்டுக்கொண்டு.

"என்ன சொல்றாங்க?" அஞ்சலை.

சொன்னேன்.

"வெள்ளக்காரனுக்குமா வேலை போவுது?" முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு சட்டென்று, "அப்ப உங்களுக்கும் போச்சா சின்னம்மா? லீவுன்னாங்களே."

"போச்சு."

"அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த வாழைப்பழத்தில் பாதியை எனக்குக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.


டிசம்பர் 15, வியாழன்

என் வேலை போன சங்கதி லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா என்னோடு பேசவில்லை. சட்டியோடு பேசுகிறாள். "படிக்க வச்சோம். ஊமையா வச்சிருக்கணும்."

காத்தாயி கிணற்றடியில், "போனாப் போவுது பாப்பா. இங்க கெட. சோத்துக்கா பஞ்சம்" என்றாள். பிறகு தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள், ஏனென்றால் சோற்றுக்குத்தான் பஞ்சம்.

தலைவலி. சீக்கிரம் படுக்கணும்.


டிசம்பர் 17, சனி

வெயில்! பத்து நாள் துணியும் வெளியே.

பாதை சரிசெய்துவிட்டார்கள். முதல் வண்டியில் டாக்டர் வந்தார், வேறு ஒரு மாவுப்பால் டின்னோடு. துரைசானி குழந்தை அதைக் குடித்தது. வயிற்றிலும் தங்கியது. டாக்டர் அஞ்சலையின் குழந்தையைத் தூக்கிப் பார்த்து, இதுதான் இந்த வீட்டிலேயே நல்ல குழந்தை என்றார். அதை மொழிபெயர்த்தேன். அஞ்சலை உடனே அதற்குக் கண்ணேறு கழித்தாள்.

சாயந்திரம் அவளை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு புதுச் சேலை, பிஸ்கட் டின். துரைசானி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாள். எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

என் வேலையும் முடிந்தது. இந்த ஒரு வாரத்தில் முதுகெலும்பு நிமிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா வெங்காயம் உரிக்கச் சொன்னாள்.


டிசம்பர் 19, திங்கள்

மேகமூட்டம்.

காலைப் பெரட்டில் மறுபடியும் பேர் படித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ரயில். வீரன் பேர் இருக்கிறது. அப்படியே இருக்கிறது.

அஞ்சலை வாசல் பக்கமாகவே வந்தாள், பின்வாசலுக்குப் போகவில்லை. கத்தவில்லை. "நீங்கதானே சின்னம்மா சொன்னீங்க, சரின்னுட்டாங்கன்னு. நான் துரை வாயக் கேக்கல. எனக்கென்ன அந்தப் பாச தெரியுமா? உங்க வாயத்தான் கேட்டேன்."

அம்மா கதவைச் சாத்தப் போனாள். நான் விடவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "துரைகிட்ட நான் பேசவா?"

"வேண்டாம்." செய்தித்தாளை மடித்தார். "இந்தச் சமயத்துல பங்களாவுல போயி நியாயம் பேசினா, அடுத்து என் பேரப் படிப்பாங்க. இந்த வீடு தோட்டத்து வீடு. நினைப்பிருக்கட்டும்."

நியாயம்தான்.


டிசம்பர் 20, செவ்வாய்

போனேன்.

அப்பா ஆபீஸுக்குப் போன பிறகு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை. ஷூ. வழியில் கால் திரும்பித் திரும்பி வீட்டுப் பக்கம் இழுத்தது.

துரை முன்வராந்தாவில். உட்காரச் சொல்லவில்லை. சங்கதியைச் சொன்னேன்.

தன் மனைவி அன்று உடம்பு சரியில்லாமல் இருந்தாளாம். தோட்டத்தை நடத்துவது அவள் இல்லையாம். அஞ்சலைக்குச் சேலை கொடுத்தாகிவிட்டதாம்.

"நீங்கள் அங்கே நின்றீர்கள் சார். இல்லை என்று சொல்லவில்லை. அதனால் நான் 'சரி என்றுவிட்டார்கள்' என்று அவளிடம் சொன்னேன். இப்போது லயத்தில் பொய் சொன்னவள் யார்? நானா, நீங்களா?"

இந்த இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது, தெரியாது.

"உன் அப்பாவுக்குத் தெரியுமா, நீ இங்கே வந்திருப்பது?"

"தெரியாது. அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

உள்ளேயிருந்து துரைசானி வந்தாள், தோளில் குழந்தை. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். துரையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். அது ஏப்பம் விட்டது.

துரை எழுந்து வராந்தாக் கடைசிவரை போய் வந்தார். "சரி. அந்தக் குடும்பம் இருக்கட்டும். ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான். கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது."

நன்றி சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

நேரே லயத்துக்கு. அஞ்சலையிடம் சொன்னதும் நம்பவில்லை. "இந்தவாட்டி துரையே சொன்னாரா? அவரு வாயால?" அவர் வாயால்தான் என்றேன். வீரன் போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். எனக்குக் கூச்சம். அஞ்சலை கும்பிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க, கோப்பி போடுறேன்" என்றாள். சீனி இல்லாத கோப்பி. நன்றாக இருந்தது.

வீடு திரும்பும்போது ஓட வேண்டும் போலிருந்தது. ஷூ சேற்றில் சிக்கிக்கொண்டது.


டிசம்பர் 21, புதன்

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். கை கழுவினார். இலை முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடாமல், "காலையில துரை கூப்பிட்டாரு. வீரன் பேர எடுத்தாச்சு" என்றார்.

"தெரியும்பா."

"அந்த இடத்துல வேற பேரு போடச் சொன்னாரு. நீயே பாத்துப் போடுன்னுட்டாரு."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எண்ணிக்கை எண்ணிக்கைதான். அந்த இங்கிலீஷை நான்தான் காதால் கேட்டேன். நன்றி வேறு சொன்னேன்.

"யாரைப் போட்டீங்க?"

"மாரிமுத்து. கண்ணு சரியில்ல. மரத்தைக் காயப்படுத்துறான்னு கங்காணி ரெண்டு தடவை சொல்லிட்டாரு."

பின்னால் கிணற்றடியில் காத்தாயி பாத்திரம் தேய்க்கிற சத்தம். சாம்பலும் தேங்காய் நாரும் உரசுகிற சத்தம். அவளுக்கு இன்னும் தெரியாது.

"அப்பா, வேண்டாம்பா. காத்தாயி..."

"சரி. அவளுக்குப் பதிலா யாரு? நீ சொல்லு. நான் எழுதுறேன்." கோபமில்லாமல்தான் கேட்டார். உண்மையாகவே கேட்டார். பேனாவைக்கூடச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

லயத்தில் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலாக.

அப்பா பேனாவைத் திரும்பச் சொருகிக்கொண்டார். "இதைத்தான் நான் நாலு மாசமாப் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு சோற்றில் மோர் ஊற்றச் சொன்னார்.

அம்மா ஊற்றினாள். மோர் இலையைத் தாண்டி ஓடியது.


டிசம்பர் 22, வியாழன்

காத்தாயி வரவில்லை. தெரிந்துவிட்டது.

பங்களாவுக்குப் போனேன். வேறென்ன செய்வது தெரியவில்லை. முன்கதவு பூட்டு. சமையல்காரர் பின்பக்கம் வாத்து உரித்துக்கொண்டிருந்தார். துரையும் துரைசானியும் குழந்தையும் விடியற்காலை வண்டியில் சிங்கப்பூர் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் முடிந்துதான் வருவார்களாம். "தஹுன் பாரு," என்றார். புது வருஷம்.

பூட்டிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள்.

திரும்பும் வழியில் லயம். காத்தாயி வீட்டு முன்னால் மூட்டை. அம்மி வெளியே கிடந்தது, யாருக்கோ விற்றிருப்பாள். உள்ளே மாரிமுத்து இருமும் சத்தம். போய்ப் பேசலாம் என்று இரண்டு தடவை அடி எடுத்து வைத்தேன். போகவில்லை.

பக்கத்து வாசலில் அஞ்சலை குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியும்.

பிலோமினாவிடமிருந்து கடிதம். மூன்று கோழி, ஒன்று செத்துவிட்டது. பதில் எழுதவில்லை.


டிசம்பர் 23, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல்.

அம்மா நேற்று சாயந்திரம் உட்கார்ந்து முறுக்கு சுட்டாள். யாரும் கேட்கவில்லை. பழைய கம்பளி ஒன்றும் எடுத்து வைத்தாள். "கப்பல்ல காத்து அடிக்கும். நீயே கொண்டு போய்க் குடு. எனக்கு முடியாது."

அப்பா ஆட்களை எண்ணி ஏற்றிவிட ஸ்டேஷனுக்கு முன்னாலேயே போயிருந்தார். நான் மாட்டுவண்டியில், மூட்டைகளோடு. வண்டிக்காரர் இன்று ஒன்றும் கேட்கவில்லை.

பெக்கோக் ஸ்டேஷனில் கூட்டம். ஆட்டுக்குட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், விடமாட்டேன் என்று. ரயில்காரர் கூடாது என்று. சில கிழவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், ஊர், ஊர் என்று. ஒரு பெண் யார் காதிலும் விழாத மாதிரி தனக்குள், "வெளக்க அணைச்சேனா, அணைக்கலியா" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

காத்தாயி ஜன்னலோரம். தலை படிய வாரி, கண்டாங்கிச் சேலை. நல்ல சேலை. மாரிமுத்து எதிரில் கண்ணை மூடிக்கொண்டு. செல்லி என்னைப் பார்த்ததும் படப் புத்தகத்தை நீட்டினாள், திருப்பிக் கொடுக்க. வேண்டாம், உனக்குத்தான் என்றேன். "ஊருல யானை இருக்குமா அக்கா?" என்றாள். இருக்கும் என்றேன். இருக்குமா தெரியாது. நான் பார்த்ததில்லை.

முறுக்கையும் கம்பளியையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். காத்தாயி வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"காத்தாயி" என்றேன்.

"அஞ்சல வந்து அழுதா" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு. "அவ மேல கோவமில்ல. பச்சப்புள்ளக்காரி. கிராணி ஐயா மேலயும் கோவமில்ல. அவரு எழுதச் சொன்னத எழுதுறவரு."

கார்டு விசில் ஊதினார். அப்பா பிளாட்பாரக் கடைசியில், குடை இல்லாமல், எங்கள் பக்கம் திரும்பாமல்.

காத்தாயி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"அவளுக்காவப் போயி அம்புட்டு தூரம் கேட்ட இல்ல பாப்பா. எனக்கும் சேத்துக் கேட்டிருக்கலாமில்ல?"

கேட்கப் போனேன், பூட்டியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். அது நேற்று. அவள் கேட்டது செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

வண்டி கிளம்பிவிட்டது. செல்லி கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.